எந்த உடலிலிருந்து மருத்துவம் கற்கிறோம்?

குழந்தை மருத்துவர் ரால்ஃப் ஹென்ட்ரிக்ஸே குறித்த நினைவுச் சொற்பொழிவு



இந்த மேடையில் கவிதை, கதை, போராட்ட வரலாறு ஆகியவை பேசப்படுவதே வழக்கம். இம்முறை ஒரு மருத்துவரின் வாழ்க்கையைப் பேச விரும்புகிறேன். அவர் பெயர் ரால்ஃப் ஹென்ட்ரிக்ஸே. 1926இல் கேப் டவுனில் பிறந்து 2010இல் மறைந்தவர். நைஜீரியக் குழந்தைகளின் சிறுநீரக நோயைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். இபாடானிலும் லிவர்பூலிலும் பேராசிரியராக இருந்தவர். அவர் தலித் அல்லர், இந்தியரும் அல்லர். பிறப்பை வைத்து மனிதரைப் பிரித்த இன்னொரு சமூகம், தன் பிரிவினைப் பட்டியலில் 'கலப்பினத்தவர்' என்ற கட்டத்துக்குள் அவரை வைத்திருந்தது.

அவரை ஏன் இங்கே பேச வேண்டும்? மருத்துவக் கல்வி என்றதும் நம்மிடையே இரண்டு விவாதங்கள் எழுகின்றன. எத்தனை இடம் நமக்கு என்பது ஒன்று. தகுதி என்ற சொல்லை எடுத்துக்கொண்டு வருவோருக்கு என்ன பதில் என்பது மற்றொன்று. இரண்டும் தேவையானவை, இரண்டிலும் நாம் ஓயக் கூடாது. ஆனால் மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. கல்லூரிக்குள் நுழைந்த பிறகு நம் பிள்ளைகள் படிக்கும் மருத்துவம் யாருடைய உடலைப் பார்த்து எழுதப்பட்டது? ஹென்ட்ரிக்ஸேயின் வாழ்க்கை அந்தக் கேள்விக்குள் நம்மை அழைத்துச் செல்கிறது.

பிணத்துக்கும் நிறம் பார்த்த கல்லூரி

1940கள் வரை, மருத்துவராக விரும்பிய தென்னாப்பிரிக்கக் கருப்பின மாணவர்கள் பெரும்பாலும் பிரிட்டனுக்குக் கப்பலேற வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப் போர் அந்தக் கடல்வழியை அடைத்தது. அதன்பிறகே கேப் டவுன் பல்கலைக்கழகம் அவர்களை முழு மருத்துவப் படிப்புக்கும் ஏற்கத் தொடங்கியது. முதலில் பட்டம் பெற்றவர்களில் இந்திய வம்சாவளியினரும் இருந்தனர். ஹென்ட்ரிக்ஸே 1948இல் பட்டம் பெற்றார். இனவொதுக்கலை அரசின் கொள்கையாகவே அறிவித்த தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்ததும் அதே ஆண்டில்தான்.

கதவு திறந்தது என்று சொல்லலாம். ஆனால் பாதிக் கதவுதான் திறந்தது. மாணவர்கள் பயிற்சி பெற்ற குரூட்டே ஸ்கூர் மருத்துவமனை, வெள்ளையருக்கு ஒரு பக்கமும் மற்றவருக்கு ஒரு பக்கமும் என இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. கருப்பின மாணவர்கள் வெள்ளை நோயாளியைத் தொட்டுச் சோதிக்க முடியாது. வெள்ளையரின் பிணத்தை அறுத்துப் பாடம் நடத்தும்போது அவர்கள் வகுப்பறையை விட்டு வெளியேற வேண்டும். வெள்ளை மாணவருக்கோ இரண்டு பக்க வார்டுகளும் திறந்திருந்தன. கருப்பு உடல் எல்லோருக்கும் பாடப்பொருள். வெள்ளை உடல் வெள்ளையருக்கு மட்டும்.

இதைக் கேட்கும்போது நம் ஊர்ப் பிணவறை நினைவுக்கு வராமல் இராது. உயர்சாதியினர் பிணத்தைத் தொடத் தயங்கிய காலத்தில், 1836இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா முதன்முதலில் பிணத்தை அறுத்தார் என்று பெருமையோடு எழுதுகிறோம். அந்தப் பெருமைக்குப் பிறகு நடந்தது என்ன? பட்டம், பதவி, சான்றிதழில் கையெழுத்து எல்லாம் ஒரு பக்கம் சேர்ந்தன. உடலைத் தூக்குவது, அறுப்பது, தைப்பது, தரையைக் கழுவுவது ஆகியவை பல இடங்களில் இன்றும் தலித் தொழிலாளர்களின் கையில் இருக்கின்றன. தென்னாப்பிரிக்காவில் பிணத்தைப் பார்க்க விடாமல் விலக்கினார்கள். இங்கே பிணத்தோடு சேர்த்துக் கட்டி வைத்தார்கள். விலக்குவதும் கட்டி வைப்பதும் எதிரெதிரானவைபோலத் தெரியும். இரண்டிலும் அறிவு யாருக்கு, அழுக்கு யாருக்கு என்பதைப் பிறப்பே முடிவு செய்தது.

கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் புலம் 2002இல்தான் இந்தப் பழைய வரலாற்றை வெளிப்படையாக ஏற்று, முன்னாள் கருப்பின மாணவர்களிடம் மன்னிப்புக் கேட்டது. ஹென்ட்ரிக்ஸே பட்டம் பெற்று அப்போது 54 ஆண்டுகள் ஆகியிருந்தன.

டர்பனிலிருந்து இபாடானுக்கு

பட்டம் பெற்ற பின் அவர் டர்பனில் உள்ள மெக்கார்ட் ஜூலு மருத்துவமனையில் பணியாற்றினார். அமெரிக்க மிஷனரி மருத்துவர் ஜேம்ஸ் மெக்கார்ட் 1909இல் தொடங்கிய மருத்துவமனை அது. கருப்பின மருத்துவர்களும் செவிலியர்களும் பயிற்சி பெறுவதற்கு அன்று இருந்த மிகச் சில இடங்களில் ஒன்று. ஆனால் சிறப்பு மருத்துவராக உயர்வதற்கான பாதைகள் கருப்பினத்தவருக்கு அந்நாட்டில் ஏறக்குறைய அடைபட்டிருந்தன. 1950இல் வந்த மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் ஓர் இனக் கட்டத்துக்குள் எழுதி வைத்தது. 1959இல் வந்த சட்டம், வெள்ளையர் பல்கலைக்கழகங்களில் கருப்பினத்தவருக்குத் திறந்திருந்த அந்தப் பாதிக் கதவையும் சாத்தியது. அதற்குள் ஹென்ட்ரிக்ஸே நாட்டை விட்டுச் சென்றிருந்தார்.

1955இல் அவர் நைஜீரியாவின் இபாடானுக்குப் போனார். அங்கே 1948இல் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரி வளர்ந்துகொண்டிருந்தது; 1957இல் அதன் புதிய மருத்துவமனை திறக்கப்பட்டது. 1960இல் நைஜீரியா விடுதலை பெற்றது. சொந்த நாட்டில் பாதி நோயாளிகளைத் தொடத் தடை விதிக்கப்பட்டிருந்தவர், இங்கே குழந்தை மருத்துவத் துறையின் பேராசிரியராகவும் தலைவராகவும் ஆனார்.

இதைத் தனிமனிதச் சாதனைக் கதையாக மட்டும் படித்துவிடக் கூடாது. அன்றைய மேற்கு நைஜீரியாவில் ஒரு புதிய குழந்தை மருத்துவம் உருவாகிக்கொண்டிருந்தது. இலேஷா பகுதியில் டேவிட் மார்லி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கென்று சிறு மருத்துவ முகாம்களை நடத்தி, தாயின் கையிலேயே இருக்கும் எடை அட்டையை வளர்த்தெடுத்தார். நம் அங்கன்வாடிச் சுவரில் தொங்கும் வளர்ச்சி அட்டைக்கு அதுவே மூதாதை. ஐரோப்பியப் பாடநூலை மனப்பாடம் செய்யாமல், எதிரே உள்ள குழந்தையைப் பார்த்து மருத்துவம் எழுதும் பழக்கம் அங்கே வளர்ந்தது.

பாடநூலில் இல்லாத குழந்தை

இபாடான் மருத்துவமனைக்கு வீங்கிய முகத்தோடும் வயிற்றோடும் குழந்தைகள் வந்தார்கள். பலருக்கு நான்கைந்து வயது. காலையில் கண் திறக்க முடியாதபடி இமை வீங்கியிருக்கும், பிறகு காலிலும் வயிற்றிலும் நீர் கோக்கும், சிறுநீர் நுரைக்கும். சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதாகி, உடலில் நிற்க வேண்டிய புரதம் சிறுநீரில் ஒழுகிப்போவதால் இப்படி ஆகிறது. மருத்துவர்கள் இதை நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் என்கிறார்கள்.

ஐரோப்பிய, அமெரிக்கக் குழந்தைகளுக்கும் இந்த நோய் வரும். அவர்களில் பெரும்பாலோருக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் சில வாரங்களில் புரத ஒழுக்கு நின்றுவிடும். ஆகவே பாடநூலில் நோய்க்கு நேராக ஸ்டீராய்டு என்று எழுதியிருந்தது. இபாடானில் அதே மருந்தைக் கொடுத்தபோது பெரும்பாலான குழந்தைகளுக்குப் பலன் கிடைக்கவில்லை. அப்போது ஒரு மருத்துவர் இரண்டு விதமாக நினைக்கலாம். குழந்தை சரியில்லை, தாய் சரியாக மருந்து கொடுக்கவில்லை, ஊர் சரியில்லை என்று நினைக்கலாம். அல்லது பாடநூல் இந்தக் குழந்தையைப் பார்த்ததே இல்லை என்று நினைக்கலாம். முதல் வகை நினைப்பு நம் அரசு மருத்துவமனைகளின் வெளிநோயாளர் வரிசையில் நின்ற எவருக்கும் புதிதல்ல.

ஹென்ட்ரிக்ஸே இரண்டாவது வழியில் சென்றார். மால்டாவிலிருந்து வந்த மருத்துவர் ஹெர்பர்ட் கில்ஸோடு சேர்ந்து அவர் நடத்திய ஆய்வு 1963இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. இந்த நோயுள்ள குழந்தைகளின் ரத்தத்தில் ஒரு குறிப்பிட்ட மலேரியாக் கிருமி, மற்றக் குழந்தைகளைவிட மிக அதிகமாகக் காணப்பட்டது என்று அவர்கள் காட்டினார்கள். பிளாஸ்மோடியம் மலேரியே என்பது அதன் பெயர். அது 72 மணி நேரத்துக்கு ஒருமுறை காய்ச்சலை எழுப்பும். நம் முன்னோர் நாலாமுறைக் காய்ச்சல் என்று சொன்னது இதைத்தான். ஆளை உடனே கொல்லாமல், ஆண்டுக்கணக்கில் ரத்தத்தில் ஒளிந்திருக்கக் கூடிய கிருமி அது.

1969இல் வந்த அடுத்த ஆய்வில், நோயுற்ற சிறுநீரகத்தின் வடிகட்டியில் எதிர்ப்புப்பொருளும் மலேரியாக் கிருமியின் கூறும் சேர்ந்து படிந்திருப்பது காட்டப்பட்டது. கிருமியோடு உடல் நடத்தும் நீண்ட சண்டையின் குப்பை சிறுநீரகத்தில் தங்கி அதைக் கெடுக்கிறது என்பது அவர்களின் விளக்கம். நைஜீரிய மருத்துவரான அடெனியியின் பெயரும் இந்த ஆய்வுகளில் இருக்கிறது. துறைத் தலைவர் வெளியிலிருந்து வந்தவர் என்றாலும், அந்த மண்ணின் மருத்துவர்களும் ஆய்வாளர்களாகவே அதில் இடம்பெற்றார்கள். மாதிரி சேகரித்துக் கொடுக்கும் கைகளாக மட்டும் அவர்கள் நிறுத்தப்படவில்லை.

மருந்து தோற்ற இடம்

இந்த ஆய்வு வரிசையில் என்னை மிகவும் பாதித்தது அதன் தோல்விப் பகுதி. காரணம் மலேரியா என்றால், மலேரியா மருந்து கொடுத்தால் சிறுநீரகம் குணமாக வேண்டும் அல்லவா? குணமாகவில்லை. வடிகட்டி ஒருமுறை கெட்ட பிறகு கிருமியை ஒழித்தும் நோய் தன் போக்கில் சென்றது. 1972இல் லான்செட் இதழில் வந்த கூட்டாய்வில், ஸ்டீராய்டும் நோயெதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் மற்ற மருந்துகளும் ஒரு சிறு பிரிவுக் குழந்தைகளுக்கே உதவின என்று எழுதினார்கள். மற்றவர்களுக்கு ஸ்டீராய்டு கொடுப்பதால் வேறு தொற்றுகள் வரும் ஆபத்துதான் கூடும். எந்தக் குழந்தைக்கு மருந்து கொடுக்கலாம் என்பதோடு, எந்தக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது என்பதையும் அந்த ஆய்வு கற்பித்தது. தங்கள் கைமருந்து பலிக்கவில்லை என்பதை அவர்கள் மறைக்காமல் அச்சிட்டார்கள்.

மருத்துவமனைக்கு வந்த பிறகு காப்பாற்ற முடியாது என்றால், எங்கே காப்பாற்றுவது? அதற்கான விடை அட்லாண்டிக் கடலின் மறுகரையில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. தென் அமெரிக்காவின் பிரிட்டிஷ் கயானாவில் பணியாற்றிய இத்தாலிய மருத்துவர் ஜார்ஜ் ஜிலியோலி, மலேரியாவுக்கும் சிறுநீரக நோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றி 1930இலேயே நூல் வெளியிட்டிருந்தார். அந்த நாடு நமக்கு அந்நியமானதல்ல. 1838 முதல் 1917 வரை ஏறத்தாழ 2,39,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அங்குள்ள கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறியவர்களும் அதில் உண்டு. நீர் தேங்கிய அந்தக் கரையோர நிலத்தில் மலேரியா அவர்களின் அன்றாட வாழ்க்கையாக இருந்தது.

1940களின் நடுவில் அங்கே வீடுதோறும் டிடிடி அடித்துக் கொசுவை ஒழிக்கும் இயக்கம் தொடங்கியது. கரையோரத்தில் மலேரியா ஒழிந்தது. கூடவே, சிறுநீரக அழற்சியால் நேரும் சாவுகளும் குறைந்தன என்பதை ஜிலியோலி 1962இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். எந்தச் சிறுநீரகச் சிறப்பு மருத்துவரும் செய்ய முடியாததைச் சுவரில் அடித்த கொசு மருந்து செய்தது. இபாடானின் தோல்வியையும் கயானாவின் வெற்றியையும் சேர்த்து வாசித்தால், குழந்தையின் சிறுநீரகத்துக்கான வைத்தியம் அதன் தெருவிலும் வீட்டிலும் தொடங்க வேண்டும் என்பது தெளிவாகும்.

இதை நம் சேரிக்குக் கொண்டுவந்து பாருங்கள். சொறி சிரங்கு ஏழைக் குழந்தைகளின் இயல்பு என்று பலர் நினைக்கிறார்கள். சொறிந்த புண்ணில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா தொற்றினால், சில வாரங்கள் கழித்துச் சிறுநீரகம் அழற்சி கொள்ளலாம். முகம் வீங்கி, சிறுநீர் தேநீர் நிறத்தில் இறங்கும். பெரும்பாலான குழந்தைகள் இதிலிருந்து மீள்கிறார்கள்; எல்லோரும் அல்ல. சிரங்கு எங்கே பரவும்? ஒரே அறையில் ஏழு பேர் படுக்கும் வீட்டில், குளிக்கத் தண்ணீர் இல்லாத தெருவில். ஊர்த் தெருவுக்குக் குழாய் வந்து நம் தெருவுக்கு வராமல் நிற்கும்போது, அது தண்ணீர்ப் பிரச்சினையாக மட்டும் நிற்பதில்லை. குழந்தையின் சிறுநீரகத்துக்குள்ளும் போகிறது. சாதி உடலுக்குள் நுழையும் வழிகளில் இதுவும் ஒன்று.

லிவர்பூலில் ஓர் ஆசிரியர்

1969இல் ஹென்ட்ரிக்ஸே லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளிக்குச் சென்றார். அந்தப் பள்ளியின் பிறப்பையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு காலத்தில் அடிமை வணிகத்தால் கொழுத்த துறைமுகம் லிவர்பூல். மேற்கு ஆப்பிரிக்க வணிகத்தில் செல்வம் ஈட்டிய கப்பல் முதலாளி ஆல்ஃபிரட் ஜோன்ஸின் பணத்தில் 1898இல் அந்தப் பள்ளி தொடங்கப்பட்டது. காலனிகளில் வணிகரும் அதிகாரிகளும் காய்ச்சலில் சாகாமல் இருக்க வேண்டும் என்பது அன்றைய முதல் கவலை. செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்ட ரொனால்ட் ராஸ் அதன் தொடக்ககால ஆசிரியர்.

அந்த இடத்தில் ஹென்ட்ரிக்ஸே வெப்பமண்டலக் குழந்தை மருத்துவத்தை ஒரு தனித் துறையாகக் கட்டினார், அதன் பேராசிரியரானார். ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் மருத்துவர்கள் வந்து படிக்கும் குழந்தை நலப் பட்டயப் படிப்பை நடத்தினார். 1981இல் வெப்பமண்டலக் குழந்தை மருத்துவத்துக்கென்றே ஓர் ஆய்விதழைத் தொடங்கி அதன் ஆசிரியராக இருந்தார். 1988 முதல் 1991 வரை அந்தப் பள்ளியின் தலைவராகவும் இருந்தார். கேப் டவுனில் வெள்ளையர் பிணத்தின் முன்னிருந்து மாணவர்கள் வெளியேற்றப்பட்ட தலைமுறையைச் சேர்ந்த ஒருவர், பேரரசின் மருத்துவப் பள்ளியில் தலைமை நாற்காலியில் அமர்ந்தார்.

ஆய்விதழ் தொடங்கியதை நான் சிறிய செயலாக நினைக்கவில்லை. சிற்றிதழ் நடத்திய அனுபவம் உள்ளவர்களுக்கு இது புரியும். இபாடானிலோ கார்ட்டூமிலோ வேலூரிலோ உள்ள மருத்துவர், தன் வார்டில் கண்டதை எழுதினால் அதை வெளியிட ஓர் இடம் வேண்டும். 'உங்கள் நோய் எங்கள் வாசகருக்குத் தேவையில்லை' என்று திருப்பி அனுப்பாத இடம் வேண்டும். தலித் எழுத்துக்கு ஏன் தனி இதழ் என்று ஒரு காலத்தில் நம்மைக் கேட்டார்கள். அதே பதில்தான் இதற்கும்.

ஹென்ட்ரிக்ஸேயைப் புனிதராக்க நான் வரவில்லை. அவருடைய முடிவுகள் எல்லாம் நிலைத்துவிடவில்லை. ஊட்டக்குறைவால் குழந்தைகள் வீங்கும் குவாஷியோர்கர் நோய்க்கு, பூஞ்சை பிடித்த தானியத்திலும் நிலக்கடலையிலும் உள்ள அஃப்லடாக்சின் நஞ்சு ஒரு காரணம் என்று சூடான் குழந்தைகளை ஆராய்ந்து 1982இல் எழுதினார். அது இன்றுவரை விவாதத்தில் இருக்கிறது. மலேரியாவால் வரும் சிறுநீரக நோயைக்கூட, பிற்காலத்தில் கானாவில் ஆராய்ந்தவர்கள் எதிர்பார்த்தபடி காணவில்லை. காலமும் நோயும் மாறியிருக்கலாம். முன்பு அளவுக்கு மேல் பொதுமைப்படுத்தப்பட்டும் இருக்கலாம். ஒடுக்கப்பட்டவர் ஒருவர் சொன்னார் என்பதால் ஒரு முடிவு அறிவியலாகிவிடாது. கில்ஸும் ஜிலியோலியும் ஐரோப்பியர்கள். அவர்களும் இதே உண்மையைக் கண்டார்கள். நோயாளியின் தெருவில் நின்று பார்த்தவர்களுக்கு அது தெரிந்தது. அந்தத் தெருவிலிருந்தே வருபவர்கள் நம்மில் ஏராளம். அவர்கள் அங்கேயே நின்று பார்க்க மருத்துவக் கல்வி விட வேண்டும்.

இன்றும் தொடரும் கணக்கு

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை ரத்தத்தில் உள்ள கிரியேட்டினின் அளவைக் கொண்டு கணக்கிடுகிறார்கள். குழந்தைகளுக்கான கணக்கில் உயரம் சேரும். அமெரிக்காவில் 1999இல் பெரியவர்களுக்காக வந்த கணக்கில் இனம் சேர்ந்தது. நோயாளி கருப்பர் என்றால் விடையை ஏறத்தாழ 1.2ஆல் பெருக்கு என்றார்கள். அதாவது அதே ரத்தம், அதே அளவு. ஆனால் கருப்பருக்குச் சிறுநீரகம் நன்றாக இருப்பதாகத் தாள் சொல்லும். மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புப் பட்டியலில் அவர் பிந்திச் சேர்வார். மருத்துவ மாணவர்களும் கருப்பின மருத்துவர்களும் கேள்வி எழுப்பிப் போராடிய பிறகு, 2021இல் இனம் நீக்கிய புதிய கணக்கு வந்தது. 2023 முதல், பழைய கணக்கால் காலம் இழந்த கருப்பின நோயாளிகளுக்குக் காத்திருப்புக் காலத்தைத் திருத்திக் கொடுக்கத் தொடங்கினார்கள். கணக்கு என்றால் சாதி, இனம் பார்க்காது என்று நம்புகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

நம் நாட்டில் 2007இல் வந்த தோரட் குழு அறிக்கை, தில்லி எய்ம்ஸில் தலித், பழங்குடி மாணவர்கள் விடுதியிலும் வகுப்பிலும் ஒதுக்கப்பட்டதைப் பதிவுசெய்தது. 2019இல் மும்பையில் பழங்குடி முதுநிலை மருத்துவ மாணவி ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினார்கள் என்பது அவர் குடும்பத்தின் குற்றச்சாட்டு. மருத்துவக் கல்லூரியின் கதவு நமக்கும் பாதிதான் திறந்திருக்கிறது.

அந்தப் பாதிக் கதவு வழியே உள்ளே போயிருக்கும் மாணவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பட்டம் வாங்குங்கள், சிறப்புப் பட்டமும் வாங்குங்கள். மருந்து பலிக்காத நோயாளி எதிரே வரும்போது, குறை நோயாளியிடம் இருக்கிறது என்று முடிவு கட்டுவதற்குமுன் பாடநூலைச் சந்தேகியுங்கள். அவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார், அந்தத் தெருவில் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டு எழுதுங்கள். எழுதியதை வெளியிடுங்கள். வெளியிட இடமில்லையென்றால், ஹென்ட்ரிக்ஸே செய்ததுபோல ஓர் இதழைத் தொடங்குங்கள்.

களத்தில் இருக்கும் தோழர்களிடமும் ஒன்று. சேரிக்குக் குடிநீர்க் குழாய் கேட்டு மனு எழுதும்போது, அந்தத் தெருக் குழந்தைகளில் எத்தனை பேருக்குச் சிரங்கு, எத்தனை பேருக்கு முகவீக்கம் வந்தது என்பதையும் கணக்கெடுத்து இணையுங்கள். மருத்துவ மாணவரும் களப்பணியாளரும் சேர்ந்து ஒரே ஒரு தெருவில் அந்தக் கணக்கை எடுத்தால் போதும். அடுத்த தெருவுக்கு அது வழிகாட்டும்.